படுக்கும் முன் ஒரு தம்ளர்: மால்ட் என்றால் என்ன?

காய்ச்சல் விட்ட இரவில் ஆச்சி ஹார்லிக்ஸ் கலந்து தருவார். எவர்சில்வர் தம்ளரில் இரண்டு கரண்டி பொடி போட்டு, மேலே கொஞ்சமே கொஞ்சம் வெந்நீர் விட்டுக் குழைப்பார். பொடி முதலில் பிசுபிசுவென்று கரண்டியோடு ஒட்டிக்கொண்டு வரும். பிறகு பளபளவென்று கூழாகும். அதன் பிறகுதான் பாலை ஊற்றி, இரண்டு தம்ளர்களுக்கு இடையே உயரத் தூக்கி ஆற்றுவார். அந்த நேரத்தில் அடுக்களையில் எழும் மணத்துக்கு இணையான ஒன்றை நான் இன்னும் காணவில்லை. வறுத்த கோதுமை, காய்ந்த வைக்கோல், திரட்டுப்பால் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தால் ஒருவேளை அதற்கு அருகில் வரலாம்.

அந்தப் பாட்டிலின் மேல் 'மால்ட்' என்று எழுதியிருக்கும். ராகி மால்ட், சாக்லெட் மால்ட், நெஸ்டோமால்ட் என்று கடைத் தட்டு முழுவதும் இந்தச் சொல் நிரம்பியிருக்கிறது. ஆனால் மால்ட் என்பது என்ன என்று கேட்டால் பலரும் ஏதோ சத்துப் பொடி என்றுதான் சொல்கிறார்கள். அது ஒரு பொருளின் பெயர் என்பதைவிட, தானியத்துக்குச் செய்யும் ஒரு வேலையின் பெயர். அந்த வேலை நம் வீடுகளுக்கு நன்றாகப் பழக்கமானது. கைக்குழந்தைக்குக் கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, முளை வந்ததும் காயவைத்துத் திரித்த எந்தப் பாட்டியும் மால்ட் செய்தவர்தான்.

ஒரு தானிய மணியை எடுத்துக்கொள்வோம். அதன் ஓர் ஓரத்தில் சின்னஞ்சிறு கரு இருக்கிறது. மீதி இடம் முழுக்க மாவுச்சத்து. அது அந்தக் கரு வளரும்போது தின்பதற்காகத் தாய்ச் செடி கட்டிக் கொடுத்த சோற்று மூட்டை. ஆனால் மாவுச்சத்தை அப்படியே கருவால் தின்ன முடியாது. மாவுச்சத்து என்பது சர்க்கரைத் துணுக்குகளை நீளமாகக் கோத்த சங்கிலி. அதைத் துண்டு துண்டாக வெட்டினால்தான் கருவுக்குள் போகும்.

தண்ணீர் பட்டதும் விதைக்குள் அந்த வெட்டும் வேலை தொடங்குகிறது. வெட்டுவதற்கான கத்திரிகளை விதையே உண்டாக்கிக்கொள்கிறது. இவற்றை நொதிகள் என்கிறோம். மாவுச்சத்தை வெட்டும் நொதிக்கு அமைலேஸ் என்று பெயர். 1833இல் பிரான்சில் பாயன், பெர்சோ என்ற இரு வேதியியலாளர்கள் முளைவிட்ட பார்லியிலிருந்து இதைப் பிரித்தெடுத்து 'டயஸ்டேஸ்' என்று பெயர் வைத்தார்கள். மனிதர் இப்படிப் பிரித்தெடுத்த முதல் நொதி இதுதான். நம் எச்சிலிலும் இதே வகை நொதி உண்டு. ஒரு வாய் வெறும் சோற்றை விழுங்காமல் ஒரு நிமிடம் மென்றுகொண்டே இருங்கள். மெல்ல இனிப்புத் தட்டும்.

நொதி வெட்டிப் போடும் சங்கிலித் துண்டுகளில் முக்கியமானது இரண்டு சர்க்கரைத் துணுக்குகள் ஒட்டிய மால்டோஸ். பெயர் மால்ட்டிலிருந்தே வந்தது. கரும்புச் சர்க்கரை அளவுக்கு அது தித்திக்காது. தொண்டையில் மெதுவாகத் தெரியும் ஒரு மட்டான இனிப்பு. ஹார்லிக்ஸ் பொடியை வாயில் போட்டால், சீனி போட்டாற்போல் நாக்கின் நுனியில் சுரீர் என்று தெரியாமல், அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பிறகு கரையும் இனிப்பு இருக்கிறதே, அதில் மால்டோஸுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் முளையை அப்படியே வளரவிட்டால் கரு எல்லாவற்றையும் தின்று செடியாகிவிடும். நமக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் சரியான நேரத்தில் முளையை நிறுத்த வேண்டும். காயவைப்பது அதற்காகத்தான். பார்லியை ஊறவைத்து, முளைவிட்டு, சூளையில் உலர்த்தி எடுக்க ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். கேழ்வரகுக்கு அவ்வளவு நாள் வேண்டாம். உலரும்போது லேசாகச் சூடு ஏறினால், வெட்டப்பட்ட சர்க்கரையும் தானியத்தின் புரதமும் ஒன்றோடொன்று வினைபுரிந்து பொன்னிறமும் வறுத்த மணமும் வருகின்றன. தோசை முறுகும்போதும் ரொட்டி வெந்து மேலே சிவக்கும்போதும் நடப்பது அதே வினைதான். ஆச்சியின் அடுக்களையில் எழுந்த மணம் இங்கே பிறக்கிறது.

ஊறவைத்தல், முளைகட்டுதல், உலர்த்துதல். இந்த மூன்றும் சேர்ந்ததே மால்ட் ஆக்குதல்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நான் முதன்முதலில் செய்து பார்த்தபோது வாயடைத்துப் போனேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கேழ்வரகை இரவு முழுக்க ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத் துணியில் கட்டி வையுங்கள். ஒன்றிரண்டு நாளில் வெள்ளை முளை எட்டிப்பார்க்கும். அதை வெயிலில் சருகு போலக் காயவைத்து, கையால் தேய்த்து முளைகளை உதிர்த்துப் புடைத்துவிட்டுத் திரியுங்கள். இந்த முறை மட்டும் வாணலியில் வறுக்க வேண்டாம். இப்போது முளைகட்டாத சாதாரண மாவில் கஞ்சி காய்ச்சுங்கள், கரண்டியை நட்டால் நிற்கும் அளவுக்குக் கெட்டியாக. அடுப்பை அணைத்து, கைபொறுக்கும் சூட்டைவிடச் சற்று அதிகமாக இருக்கும்போது முளைகட்டிய மாவில் ஒரு சிறு கரண்டி தூவிக் கலக்குங்கள். சில நிமிடங்களில் கரண்டி சாயும். களி போல இருந்தது கஞ்சியாகி, கஞ்சி தண்ணீர் போல ஓடத் தொடங்கும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நாம் சேர்க்கவில்லை. மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததால்தான் கஞ்சி கெட்டியாக இருந்தது. நொதி அவற்றை வெட்டியதும் பின்னல் அவிழ்ந்துவிட்டது. குடிப்பதற்கு முன் அதை மறுபடி ஒரு கொதி வைத்துக்கொள்ளுங்கள், பச்சை முளை மாவு சேர்ந்திருக்கிறது.

கொதிக்கும் கஞ்சியில் தூவினால் இது நடக்காது. நொதி வெந்து செத்துவிடும். நன்கு வறுத்த மாவிலும் நடக்காது, காரணம் அதேதான். கடையில் வாங்கும் பல மாவுகள் இந்தச் சோதனையில் தோற்பதற்கு வறுவலே காரணம், கலப்படம் என்று நினைத்துவிட வேண்டாம்.

குழந்தைக்கு ஏன் முளைகட்டிய கேழ்வரகு என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. குழந்தையின் வயிறு கையளவுதான். சாதாரண மாவில் நீர்க்கக் காய்ச்சினால் வயிறு நிறையும், சத்து போதாது. கெட்டியாகக் காய்ச்சினால் குழந்தை விழுங்காது. முளைகட்டிய மாவு சேர்ந்தால் மாவு அதிகமாக இருந்தும் கஞ்சி இளக்கமாக இருக்கும். அதோடு, தானியத்தில் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்திருக்கும் பைட்டிக் அமிலமும் முளைக்கும்போது குறைகிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருப்பது தனிச் சிறப்பு. நொதி, சங்கிலி என்ற சொற்கள் எதுவும் தெரியாமலேயே நம் பாட்டிமார்கள் இந்த முடிவுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். எனக்கு அதில் அளவு கடந்த மரியாதை உண்டு.

தானியம் தெரிந்துவிட்டது. இனி அது பாட்டிலுக்குள் எப்படிப் போனது என்று பார்ப்போம்.

இங்கிலாந்தின் க்ளாஸ்டர்ஷயரில் பிறந்த சகோதரர்கள் ஜேம்ஸ் ஹார்லிக், வில்லியம் ஹார்லிக். ஜேம்ஸ் மருந்தாளர். லண்டனில் குழந்தை உணவு செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர். தன் சொந்தத் தயாரிப்புக்கு முதல் போட ஆள் கிடைக்காமல், 1873இல் அமெரிக்காவில் இருந்த தம்பியிடம் போய்ச் சேர்ந்தார். முதலில் சிகாகோ, பிறகு விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீன் நகரம். அக்காலத்தில் நகரத்துக் குழந்தைகளுக்குக் கிடைத்த பால் பல நேரம் ஆபத்தானது. குளிர்பதனம் கிடையாது, பால் வீடு வந்து சேர்வதற்குள் கெட்டுவிடும். சகோதரர்கள் கண்ட வழி, பாலையே தானியத்தோடு சேர்த்துப் பொடியாக்கிவிடுவது. முளைகட்டிய பார்லியையும் கோதுமை மாவையும் வெதுவெதுப்பான நீரில் கரைத்து நொதியை வேலை செய்யவிட்டு, அந்தச் சாற்றோடு பாலைச் சேர்த்து, காற்றழுத்தம் குறைந்த கலத்தில் வற்றவைத்தார்கள். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும், பால் கருகாது. 1883இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். 'மால்டட் மில்க்' என்ற பெயரை 1887இல் வணிகச் சின்னமாகப் பதிந்தார்கள்.

கவனிக்க வேண்டியது, பால் உள்ளேயே இருப்பதால் இதற்கு வெந்நீர் போதும். அதுதான் அதன் பெருமையாகவே விளம்பரப்படுத்தப்பட்டது. நாம் பாலில் கலந்து குடிப்பது பாலுக்குள் பாலைக் கலப்பது. வெந்நீரில் மட்டும் கலந்து ஒருமுறை குடித்துப் பாருங்கள். பார்லியின் மணம் பாலின் மறைப்பு இல்லாமல் தெளிவாக வரும்.

கெடாது, எடை குறைவு, வெந்நீர் ஊற்றினால் உணவு. இதனால் துருவப் பயணம் போனவர்கள் இதைச் சுமந்து சென்றார்கள். தென்துருவத்தை முதலில் அடைந்த அமுண்ட்சென்னின் பொருள்களில் மால்டட் மில்க் இருந்தது. அண்டார்டிகாவில் ஹார்லிக் மலைகள் என்றே ஒரு தொடர் இருக்கிறது. பயணத்துக்குப் பண உதவி செய்த வில்லியமின் பெயரை அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் பேர்ட் அதற்கு வைத்தார்.

ஜேம்ஸ் 1890இல் இங்கிலாந்து திரும்பினார். 1908இல் லண்டனுக்கு அருகே ஸ்லவ் நகரில் தொழிற்சாலை எழுந்தது. அதன் பிறகு ஒரே பொடி நாட்டுக்கு நாடு வேறு வேறு வேளையைப் பிடித்துக்கொண்டது. அமெரிக்காவில் அது குளிர்ந்த பானம். 1922இல் சிகாகோவின் ஒரு மருந்துக்கடைக் குளிர்பானப் பிரிவில் ஐவர் கூல்சன் என்ற ஊழியர் அதில் ஐஸ்கிரீமைப் போட்டுக் கடைந்ததும், பகல் நேரத்து மில்க்‌ஷேக் ஆகிவிட்டது. பிரிட்டனில் அது படுக்கை நேரத்துப் பானம். இந்தியாவில் காலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும், சாயங்காலம் விளையாடி வந்த பிள்ளைக்கும், இரவில் நோயாளிக்கும் அதுவே.

இதன் உறவினர்களையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 1904இல் ஆல்பர்ட் வாண்டர் கொண்டுவந்தது ஓவோமால்டின். மால்ட், பால், முட்டை, கொக்கோ சேர்ந்தது. முட்டைக்கான லத்தீன் சொல்லும் மால்ட்டும் இணைந்த பெயர், பிரிட்டனுக்குப் போனதும் ஓவல்டின் என்று சுருங்கியது. போர்ன்வீட்டா பர்மிங்காம் பக்கத்துப் போர்ன்வில் ஊரின் பெயரைத் தாங்கியது, இந்தியாவில் 1948 முதல் கிடைக்கிறது. மைலோ 1934இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் மேய்ன் உருவாக்கியது. பழைய கிரேக்கத்து மல்லன் மைலோவின் பெயர் அதற்கு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடைகளில் இரவு பன்னிரண்டு மணிக்கும் 'மைலோ பானாஸ்' கிடைக்கும், அதாவது சூடான மைலோ. இலங்கைத் தமிழ் வீடுகளில் நெஸ்டோமால்ட் என்றால் தனிப் பாசம். பெயர்கள் மாறினாலும் உள்ளே இருப்பது முளைகட்டிய தானியம்தான். கொக்கோ சேர்ந்தவையும் சேராதவையும் என்று பிரித்துக்கொண்டால் போதும்.

இந்தியாவுக்கு ஹார்லிக்ஸ் வந்தது முதல் உலகப் போருக்குப் பின், பிரிட்டிஷ் படையிலிருந்து திரும்பிய சிப்பாய்களோடு. 1960ஐ ஒட்டிப் பஞ்சாபின் நாபாவில் இங்கேயே தொழிற்சாலை வந்தது. அங்கே கிடைத்த எருமைப் பாலுக்கு ஏற்பச் செய்முறையை அமைத்துக்கொண்டார்கள். பிறகு ஆந்திராவின் ராஜமுந்திரியிலும் தொழிற்சாலை எழுந்தது. ஆனாலும் பஞ்சாபைவிட அதிகம் குடித்தது நாம்தான். இந்த மால்ட் பானங்களுக்கு இந்தியாவில் தெற்கும் கிழக்குமே பெரிய சந்தை. பால் வளம் குறைவான பகுதிகள் இவை என்பதை அதற்குக் காரணமாகச் சொல்வார்கள்.

தமிழ்நாட்டில் ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனால் கையில் சாத்துக்குடி, ஆப்பிள், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தே தீரும். கட்டிலுக்கு அருகில் இருக்கும் சிறு அலமாரியில் எத்தனை பாட்டில் சேர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தே அவருக்கு எத்தனை உறவு என்று கணக்கிடலாம். நோயாளி வீடு திரும்பிய பிறகு மாதக்கணக்கில் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தீர்ந்த கண்ணாடிப் பாட்டில் கழுவிக் காய்ந்து புளிக்கோ கடுகுக்கோ வீடாகும். எங்கள் வீட்டில் ஒன்றில் ஆச்சி சுக்கு வைத்திருந்தார். மூடியைத் திறந்தால் சுக்கோடு மெல்லிய மால்ட் வாசனையும் வரும்.

"ஈரக் கரண்டியைப் போடாதே" என்பது எல்லா வீட்டிலும் கேட்ட அதட்டல். அதற்கும் காரணம் உண்டு. விரைவாக உலர்த்தப்பட்ட இந்தப் பொடியில் சர்க்கரை கற்கண்டு போலப் படிகமாக இல்லை. ஒழுங்கில்லாமல் உறைந்து நிற்கிறது. அந்த நிலையில் காற்றிலுள்ள ஈரத்தை ஆவலோடு இழுக்கும். ஈரம் ஏறியதும் இளகிப் பாகு போலாகி, துகளோடு துகள் ஒட்டிக்கொள்ளும். அடியில் கட்டியாகிப் போனதைக் கரண்டிக் காம்பால் பெயர்த்து வாயில் போட்டுக்கொண்ட ஆனந்தம் அந்த இளகலால் வந்ததுதான்.

சரி, இரவில் குடித்தால் தூக்கம் வருமா?

1930களில் பிரிட்டனில் ஹார்லிக்ஸ் விளம்பரங்கள் 'இரவுப் பட்டினி' என்று ஒரு நோயையே படைத்தன. தூங்கும்போதும் உடல் சக்தியைச் செலவிடுகிறது, அதனால்தான் காலையில் களைப்பாக எழுகிறீர்கள், படுக்கும் முன் இதைக் குடியுங்கள் என்றன. அப்படி ஒரு நோய் கிடையாது. பாலின் புரதத்தில் இருக்கும் ட்ரிப்டோபான் என்ற கூறு தூங்கவைக்கும் என்பது இன்று அடிக்கடி சொல்லப்படுவது. ஒரு தம்ளர் பாலில் இருப்பது மிகக் குறைவு, தூக்க மாத்திரை போல அதை நம்ப முடியாது.

ஆனால் 1972இல் எடின்பரோவில் ப்ரெஸினோவா, ஆஸ்வால்ட் என்ற இரு ஆய்வாளர்கள் படுக்கும் முன் ஹார்லிக்ஸ் குடித்தவர்களின் தூக்கத்தைக் கருவிகளால் அளந்தார்கள். வயதில் மூத்தவர்களுக்கு, குறிப்பாக இரவின் பின்பகுதியில், தூக்கம் இடையில் கலைவது குறைந்திருந்தது. இதைத் தொடர்ந்து 1980இல் வெளியான கிர்ஸ்டின் ஆடமின் ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. தூக்கம் நன்றாக அமைவது, அவரவர் படுக்கும் முன் வழக்கமாக என்ன செய்வார்களோ அதைப் பொறுத்தே இருந்தது. இரவில் எதையாவது சாப்பிட்டுப் பழகியவர்கள் சாப்பிட்டபோது நன்றாகத் தூங்கினார்கள். பழகாதவர்களுக்கு அது பயன்படவில்லை. பானத்தின் வேலையில் பாதியைப் பழக்கம் செய்கிறது. விளக்கை அணைக்கும் முன் ஒருவர் நமக்காக அடுப்பைப் பற்றவைத்து, ஆற்றி, கையில் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பல வருடங்கள் கழித்து அதே மணம் வரும்போது உடல் தானாகத் தளர்வது எனக்கு வியப்பாக இல்லை.

சர்க்கரையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தானியத்தின் சொந்த இனிப்பு ஒரு பக்கம் இருக்க, கடையில் விற்கும் பல மால்ட் பொடிகளில் சீனி தனியாகவும் சேர்க்கப்படுகிறது. பாட்டிலின் பின்பக்கம் பொருட்களின் பட்டியல் அளவு வாரியாக, அதிகமுள்ளது முதலில் என்ற வரிசையில் இருக்கும். சீனி எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். 2024 ஏப்ரலில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் மால்ட் பானங்களையும் பால், தானியப் பானங்களையும் 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் விற்கக் கூடாது என்று இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. நம் உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: மால்டோஸ் நாக்கில் மட்டாக இனித்தாலும் ரத்தத்தில் வேகமாகச் சர்க்கரையாகிவிடும். கோதுமை, பார்லியில் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் ஹார்லிக்ஸ் வகை ஆகாது. அவர்களுக்குக் கேழ்வரகு இருக்கிறது.

வீட்டிலேயே செய்வதென்றால், மேலே சொன்னபடி முளைகட்டிக் காயவைத்த கேழ்வரகை இப்போது தாராளமாக வறுக்கலாம். இளந்தீயில், மணம் வரும்வரை, கருகாமல். ஏலக்காய் இரண்டு சேர்த்துத் திரித்துச் சலித்து, ஈரமில்லாத பாட்டிலில் அடைத்து வையுங்கள். ஒரு தம்ளருக்கு இரண்டு கரண்டி மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் நீரில் விட்டுக் கிளறினால் ஐந்து நிமிடத்தில் பளபளப்பு ஏறும். இறக்கும்போது காய்ச்சிய பாலும், வேண்டுமானால் கொஞ்சம் பனங்கற்கண்டும்.

ஹார்லிக்ஸ் என்றால் ஆச்சி செய்ததுபோல் முதலில் கொஞ்சம் வெந்நீரில் குழைத்துவிடுங்கள். முழுப் பாலையும் ஒரேயடியாக ஊற்றினால் பொடியின் வெளிப்புறம் மட்டும் நனைந்து பாகுத் தோல் போட்டுக்கொள்ளும். உள்ளே உலர்ந்த பொடி அடைபட்டு உருண்டையாக மிதக்கும். குழைத்த பிறகு ஊற்றி, இரண்டு தம்ளர்களிலும் நாலைந்து முறை ஆற்றினால் மேலே நுரை கட்டும். எவ்வளவு ஆற்றினாலும் அடியில் கொஞ்சம் தங்கும். அதை ஆச்சி எனக்கு விரலால் வழித்துத் தருவார்.